துருக்கித் தொப்பி வைத்த கபுறு

கொண்டல்குடாவில் பேய்க்குப் பஞ்சமில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஆள் நடமாட்டமில்லாமல் கிடந்த ஊர். திரும்பி வந்த சனம் தங்கள் தங்கள் வளவை அடையாளம் காணும் முன்பே பேய்களை அடையாளம் கண்டுவிட்டது. தூர்ந்துபோன கிணற்றுக்கு ஒன்று, இடிந்த சங்கக்கடைக்கு ஒன்று, கண்ணிவெடி எடுக்க வந்தவர்கள் உடைமரக் காட்டுக்குள் கண்டதாகச் சொல்லி இன்னொன்று. சிலாவத்துறையிலிருந்து கரையோரமாகத் தெற்கே வந்தால் கடைசியாக வருகிற குடியிருப்பு இது. கரண்ட் இன்னும் வரவில்லை. வேறு என்னத்தைத்தான் பேசுவது?

ஆனால் பழைய பள்ளியில் இருந்ததைப் பற்றி யாரும் பகிடிக்குக்கூட வாய் திறப்பதில்லை.

பழைய பள்ளி என்பது முருகைக்கல்லால் கட்டிய சின்னப் பள்ளிவாசல். கூரை போய்விட்டது. சுவர்கள் நின்றன. துருக்கிப் பள்ளி என்று பேர். முத்துக் குளிக்கிற சலாபம் நடந்த காலத்தில் ஸ்தான்பூலிலிருந்து வந்த ஒரு கப்பல் தலைவன் கட்டினான் என்று ஊர் சொல்லும். அவனை அடக்கிய கபுறு முற்றத்தில், தொழமுன் முகம் கைகால் கழுவி வுழு எடுக்கிற ஹவுள் தொட்டிக்குப் பக்கத்தில், பச்சைப் போர்வைக்குக் கீழே இருந்தது. முன்னொரு காலம் வெள்ளிக்கிழமைக் குத்பாப் பிரசங்கத்தில் துருக்கிச் சுல்தானின் பேரைச் சொல்லித் துஆக் கேட்பார்களாம். சுல்தானே இல்லாமல் போன பிறகும் கொஞ்சக் காலம் கேட்டார்களாம். சேதி இந்தக் கரைக்கு வந்துசேர அவ்வளவு நாள் எடுத்திருக்கிறது.

ஊர் ஓடியபோது முற்றத்தில் இருந்தது ஒரு கபுறு. திரும்பி வந்து பற்றையை வெட்டிப் பார்த்தபோது இரண்டு இருந்தன.

இரண்டாவது கபுறை யார் அடக்கினார்கள், யாரை அடக்கினார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. தலைமாட்டில் ஒரு மீசான் கல், கால்மாட்டில் ஒரு மீசான் கல். இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு அது. ஆணுக்கு மீசான் இரண்டு. பெண்ணுக்கு நடுவிலும் ஒன்று வைத்து மூன்று. ஆகவே இது ஆண். தலைமாட்டுக் கல்லின்மேல் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, வலைக்கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. கயிற்றை அறுத்துச் சட்டியைத் தூக்கினால் கல்லின் தலையில் ஒரு சிவப்புத் துருக்கித் தொப்பி.

பள்ளித் தலைவர் சரிபுதீன் ஹாஜியார் அப்போது அந்த இடத்திலேயே குந்திவிட்டாராம். பட்டுக் குஞ்சம் இருக்கவேண்டிய இடத்தில் அந்தத் தொப்பியில் தொங்கியது மனுசத் தலைமுடி. கறுத்து, நீண்டு, பின்னியபடி. கப்பல் தலைவன் தனிமை தாங்காமல் தன் தோழனைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டான் என்று ஊர் முடிவு கட்டியது. முடி இன்னும் வளர்கிறது என்றும் சொன்னார்கள். ஹாஜியார் தொப்பியை ஒரு கண்ணாடிப் பெட்டியில் போட்டுப் பழைய பள்ளிச் சுவர்மாடத்தில் வைத்துப் பூட்டினார். தொழுகைக்கு அதே வளவில் தகரத்தால் ஒரு புதுப்பள்ளி போட்டார்கள். வெள்ளிதோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஆண்கள் எல்லோரும் இரண்டு கபுறுக்கும் சேர்த்துப் பாத்திஹா ஓதிவிட்டு, திரும்பிப் பாராமல் வீட்டுக்குப் போவார்கள்.

பாராமல் போவதற்குக் காரணம் இருந்தது. அசர் தொழுகைக்குப் பிறகு, வெயில் சரியும் நேரத்தில், பள்ளிக் கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்கும். பிறகு கப்பி கிறீச்சிடும். பிறகு ஹவுளுக்குள் தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அந்தக் கிணற்றில் வாளியும் இல்லை, கப்பியும் இல்லை. ஹவுள் வெடித்துக் காய்ந்து கிடந்தது, உள்ளே ஓணான் குடியிருந்தது. கழுதை கத்தினாலே காய்ச்சல் வருகிற ஆண்கள் இதைக் கேட்டுவிட்டு எப்படி இருப்பார்கள்? அசருக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு குஞ்சு போகாது.

பள்ளிக்கு ஆகக் கிட்ட இருந்தது உம்மு ஸல்மாவின் வீடு. அவளுக்கு அந்தச் சத்தம் ஒவ்வொரு நாளும் கேட்டது. மற்றவர்களுக்குக் கேட்காத ஒன்றும் கேட்டது. வாளிக்கும் வாளிக்கும் இடையில் ஒரு இருமல். சின்ன, வறண்ட இருமல். அந்த இருமலை அவள் பிறந்த நாளிலிருந்து அறிவாள். அவளைப் பெற்ற உம்மாவின் இருமல் அது. சித்தி மரியம் என்று உம்மாவின் பேர்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் இயக்கத்துப் பெடியள் ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். முஸ்லிம் சனம் எல்லாம் வெளிக்கிட வேண்டும், உடுத்த உடுப்போடு. ஸல்மாவும் உம்மாவும் மூத்தவன் நானா சனூனும் கரைக்கு ஓடினார்கள். தோணியில் கால் வைக்கப்போன உம்மா, ஒரு சாமானை விட்டுவிட்டேன், இந்தா வாறன் என்று திரும்பினாள். என்ன சாமான் என்று சொல்லவில்லை. தோணியில் குழந்தைகள் கத்தின, துவக்கோடு நின்றவன் கத்தினான், காற்று எழும்பியது. சனூன்தான் கடைசியில் தோணியைத் தள்ளினான். கரையில் உம்மா வருகிறாளா என்று கண் வலிக்க வலிக்கப் பார்த்தபடியே ஸல்மா கற்பிட்டி போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. புத்தளத்து அகதி முகாமில் சிலர், மௌத்தாகியிருப்பா, ஓதிவிடுங்கோ என்றார்கள். எதைக் கண்டு ஓதுவது? ஸல்மா ஓதவில்லை. கலியாணம் கட்டினாள், கட்டியவனைக் கடலுக்குக் கொடுத்தாள், குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள், வந்தாள். சனூன் புத்தளத்திலேயே தங்கிவிட்டான். அந்தக் கரையை இனிக் கண்ணால் பார்க்கமாட்டேன் என்றான். ஸல்மா மட்டும் திரும்பி வந்தது ஒன்றுக்காகத்தான். உம்மா எங்கே கிடக்கிறாள், கழுவினார்களா, கபன் துணி இட்டார்களா, இல்லை நாய் நரிக்குப் போனாளா என்று தெரியவேண்டும். ஊர் மையவாடியில் மூன்று மீசான் வைத்த கபுறு ஒவ்வொன்றையும் பற்றைக்குள் குனிந்து குனிந்து பார்த்தாள். எல்லாம் அவளுக்குத் தெரிந்த பழைய பெண்களுடையவை. உம்மாவுடையது எதுவுமில்லை.

இப்படியிருக்கையில்தான் துருக்கியிலிருந்து ஆள் வருகிறது என்று ஊரே துள்ளியது. துருக்கியர் கட்டிய பள்ளி ஒன்று இந்த மூலையில் கிடக்கிறது என்று கொழும்பில் யாரோ சொல்லி, பழைய பள்ளிகளைத் திருத்திக் கொடுக்கிற ஒரு சங்கம் ஆளனுப்பியது. வந்து இறங்கியது ஒரு பெண். நெவின் என்று பேர், தலையில் நீலப் பட்டுத்துண்டு, கழுத்தில் கமரா. ஹாஜியாருக்குத் தலையிடி அங்கேதான் தொடங்கியது. கொண்டல்குடாவில் பெண்கள் பள்ளிக்குள் கால் வைப்பதில்லை. ஆனால் கூரை போட்டுத் தரப்போகிறவளை வெளியே நிறுத்தமுடியுமா? உள்ளே விட்டால் ஆண்களோடு தனியே விடமுடியுமா? தவிரவும் அவளுக்குத் தமிழ் தெரியாது, துருக்கியை விட்டால் பேச்சு அரபுதான் தெரியும். ஓதின அரபு தெரிந்த மௌலவி பேச வாயெடுத்தால் அவளுக்கு விளங்கவில்லை. குவைத்தில் சட்டி கழுவிய அரபு ஸல்மாவிடம் இருந்தது. சமைக்கவும் ஏசவும் பேரம் பேசவும் போதுமான அரபு. அவளையே துணைக்கு அனுப்பினார்கள்.

அப்படித்தான் உம்மு ஸல்மா பிறந்து வளர்ந்த ஊரின் பள்ளிக்குள் முதல் தடவையாகப் போனாள்.

நெவின் முதலில் பச்சைப் போர்வையைத் தூக்கிப் பார்க்கக் கேட்டாள். ஹாஜியார் பிஸ்மில்லாச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார். கீழே வெள்ளைச் சலவைக்கல். இது இந்தப் பக்கத்துக் கல் இல்லை, எங்கள் கடலுக்கு நடுவில் இருக்கிற தீவுக் கல் என்றாள் நெவின். எழுத்துகளை உப்புக்காற்று தின்றிருந்தது. அவள் முழங்காலில் நின்று, விரலால் தடவித் தடவி வாசித்தாள். பேர் இருந்த வரி அழிந்துபோயிற்று. ஆள் கப்பலின் தலைவன் இல்லை, சாதாரணக் கப்பல்காரன். காய்ச்சலில் கரையில் இறக்கிவிடப்பட்டவன். மிச்சத்தை அவள் அரபில் சொல்ல, ஸல்மா தமிழில் சொன்னாள்.

"தூரத்தில் மௌத்தானான். இந்தக் கரைச் சனம் அவனைக் கழுவி அடக்கினது. கடந்து போறவங்க அவன்ட றூஹுக்கு ஒரு பாத்திஹா ஓதுங்க."

பள்ளியைக் கட்டியதும் அவன் இல்லை. பிற்காலம் அவனுடைய கூட்டாளிகள் கல்லைச் செதுக்கி அனுப்பியிருக்கிறார்கள், ஊர் அதைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருக்கிறது என்று நெவின் சொன்னாள். தலைமுறை தலைமுறையாகக் கப்பல் தலைவனுக்குப் பயந்துவந்த ஊர், ஒரு காய்ச்சல்காரனைக் குளிப்பாட்டின ஊராக அந்த இடத்திலேயே மாறியது. ஹாஜியாருக்கு முகம் தொங்கிவிட்டது. கூரை கைநழுவிப் போகுமோ என்ற பயம். அவசர அவசரமாக இரண்டாவது கபுறைக் காட்டி, இதைப் பாருங்கோ, இது நிச்சயம் துருக்கிக்காரன், தொப்பியே இருக்கிறது என்று மாடத்தைத் திறந்து கண்ணாடிப் பெட்டியை எடுத்துவந்தார்.

நெவினின் முகம் மலர்ந்தது. எங்கள் ஊரில் ஆணின் கல்லில் தொப்பியைச் செதுக்குவோம், பெண்ணின் கல்லில் பூவைச் செதுக்குவோம் என்றாள். இங்கே செதுக்கத் தெரியாதவர்கள் உண்மைத் தொப்பியையே வைத்துவிட்டார்கள். பிறகு குனிந்து பார்த்து, குஞ்சம்தான் விளங்கவில்லை, எங்களுடையது பட்டு, இது என்ன முடி என்று ஸல்மாவிடம் கேட்டாள்.

ஸல்மா பெட்டிக்குள் பார்த்தாள். பெட்டியைக் கையில் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

அவளுடைய வாப்பா மாப்பிள்ளையாய் வந்தபோது தலையில் வைத்த தொப்பி அது. வாப்பா மௌத்தான பிறகு உம்மா அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். ஒரு மாரியில் எலி புகுந்து குஞ்சத்தைக் கடித்துத் தின்றுவிட்டது. உம்மா தலைவாரும்போது உதிர்கிற முடியைச் சவுரி பின்னச் சேர்த்து வைத்திருந்தாள். அதை எடுத்து மூன்று புரியாகப் பின்னி, நுனியில் கறுப்பு நூல் சுற்றி, தொப்பியில் தைத்தாள். பொம்பிளை முடியை ஆம்பிளைத் தொப்பியில் வைக்கலாமா என்று ஸல்மா கேட்டதற்கு, உன்ட வாப்பா இருந்தா ஏசுவார்தான், வந்து ஏசட்டும் என்று உம்மா சொன்னதும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

நுனியில் அந்தக் கறுப்பு நூல் இன்னும் சுற்றியிருந்தது.

உம்மா திரும்பி ஓடியது இதற்குத்தான். அந்த அவதியிலும் புருசன்ட தொப்பிக்கு. ஸல்மாவுக்கு முதலில் வந்தது கோபம். இருபது வருடமாகச் சேர்ந்த கோபம். ஒரு தொப்பிக்காகவா என்னை விட்டிட்டுப் போனாய் என்று கேட்க வாய் துடித்தது. பிறகுதான் அந்தக் கபுறின் முன்னால் தான் நிற்பது அவளுக்கு உறைத்தது. நெவின் இன்னும் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெரியாது என்று மட்டும் ஸல்மா சொன்னாள். நெவின், மன்னாரில் தங்கி வெள்ளிக்கிழமை எஞ்சினியரோடு அளவெடுக்க வருவேன், பேர் தெரியாத இந்தத் துருக்கியனுக்கு கும்மட்டம் வைத்த ஒரு சின்னக் குப்பாவும் கல்வெட்டும் வைக்கலாம் என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள்.

உம்மா தன்னைத் தானே புதைத்திருக்க முடியாது. அப்படியானால் யார்? சட்டியைக் கட்டியிருந்த வலைக்கயிறு ஸல்மாவின் மனதில் நின்றது. அந்தக் காலத்தில் குடாவுக்குள் வாடி போட்டு மீன் பிடித்தவன் ஒருவன்தான். பள்ளிமுனையிலிருந்து பருவத்துக்கு வந்துபோகிற வேதக்காரன் அருளப்பு. அடுத்த நாள் விடிய அவள் மன்னார் பஸ் ஏறினாள்.

அருளப்புவும் மனுசி எடித்தும் பள்ளிமுனைக் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு கொட்டில் வீட்டில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் நல்ல வயது. நடுவில் மண்டபம் முகாம், மடு, பிறகும் ஓட்டம் என்று அவர்களும் அலைந்து வந்தவர்கள்தான். ஸல்மா தன் பேரைச் சொன்னதும் அருளப்பு வாங்கில் இருந்தபடியே எழும்பப் பார்த்து முடியாமல் இருந்தார். எடித்தான் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள்.

வலையை எடுக்க வாடிக்கு வந்தவருக்குப் பள்ளிக் கிணற்றில் வாளிச் சத்தம் கேட்டிருக்கிறது. ஊரில் ஒரு சீவன் இல்லை. பேய் என்று ஓடப்பார்த்திருக்கிறார். பிறகு இருமல் கேட்டு எட்டிப் பார்த்தால் சித்தி மரியம். தொப்பியை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்தபோது தோணி போய்விட்டது. பள்ளிக்குள் ஒதுங்கிக்கொண்டாள். அருளப்பு பாணும் மீனும் கொண்டுபோனார். எடித் சட்டியில் கறி காய்ச்சிக் கொடுத்துவிட்டாள். தோணியில் கற்பிட்டிக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்றால், இன்றைக்கோ நாளைக்கோ எல்லாரும் இங்கேயே திரும்பி வந்துவிடுவார்கள் என்று மறுத்துவிட்டாள். எங்களோடு பள்ளிமுனைக்கு வாங்கோ என்றதற்கு, பேரில மட்டும்தானே அங்க பள்ளி இரிக்கி என்று சிரித்தாளாம்.

"ஒவ்வொரு நாளும் அந்தத் தொட்டிக்குத் தண்ணி இறைச்சு ஊத்துவா," என்றாள் எடித். "வெயில் சாய வெளிக்கிட்டா இருட்டும்வரைக்கும் ஊத்துவா. அந்தத் தொட்டி வெடிச்சது பிள்ளை, ஊத்த ஊத்த ஒழுகிப்போகும். ஏனக்கா உடம்பைக் கெடுக்கிறியள் எண்டு கேட்டன். ஜும்ஆவுக்கு ஆம்பிளையள் வந்திருவாங்க, வுழு எடுக்கத் தண்ணி வேணும் எண்டா."

பிறகு என்ன நடந்தது என்று ஸல்மா கேட்டாள்.

மாரி மழையில் காய்ச்சல் வந்து, மார்கழி முடிவதற்குள் மரியம் கண்ணை மூடினாள். எடித் தோணியில் போய் அவளைக் கழுவினாள். தங்களுடைய முறைதான் அவளுக்குத் தெரியும், அந்த முறையில் கழுவினாள். பெரிய திருநாளுக்கு உடுத்தவென்று வைத்திருந்த வெள்ளைச் சீலையால் சுற்றினாள். அருளப்பு துருக்கிக்காரனின் பக்கத்தில் குழி வெட்டினார். எந்தப் பக்கம் தலை என்று அந்தக் கபுறைப் பார்த்து வைத்தார். என்ன ஓதுவதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. முன்பு பள்ளியிலிருந்து வாடிக்குக் கேட்ட பாங்கில் தெரிந்த சொல் ஒன்றுதான், அல்லாஹு அக்பர். அதையே மண் மூடி முடியும்வரை சொல்லிக்கொண்டு நின்றார்களாம்.

"எங்கட ஆக்களுக்குச் சிலுவை ஒண்டு. உங்கட ஆக்களுக்குக் கல்லு ரெண்டு எண்டு பக்கத்துக் கபுறைப் பார்த்து வைச்சன்," என்றார் அருளப்பு. "தொப்பியைக் கண்டா ஆர் கிடக்கிறது எண்டு நீங்கள் வந்தோடன விளங்கும் எண்டு நினைச்சன். மழைக்குப் பழுதாகாமல் எடித்தின்ர சட்டியைக் கவிட்டுக் கட்டினன். ஏன் பிள்ளை, நான் செய்ததில பிழை ஏதும் இருக்கோ?"

"பிழையில்லை அண்ணே," என்றாள் ஸல்மா. "ஒரு கல்லுத்தான் குறைஞ்சுபோச்சு."

ஊருக்குத் திரும்பியதும் நேரே ஹாஜியாரிடம் போனாள். சரிபுதீன் ஹாஜியார் கெட்ட மனுசர் இல்லை. கேட்டு முடிக்கும்போது அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் தாடியைத் தடவிக்கொண்டு, முதலாவது கபுறு காய்ச்சல்காரனாய்ப் போயிற்று, இதுவும் நம்முடைய மரியம் ராத்தா என்று தெரிந்தால் அவர்கள் எதற்குக் கூரை போடுவார்கள், கூரை ஏறும்வரை இதைக் காதும் காதும் வைத்தமாதிரி வைத்துக்கொள் என்றார். உம்மாவுக்கும் ஒரு குப்பா கிடைக்கிறதுதானே என்றும் சொன்னார். ஸல்மா வீட்டுக்கு வந்து யோசித்தாள். குப்பா கிடைக்கும், கல்வெட்டு கிடைக்கும். அதில் ஆணென்றும் துருக்கியனென்றும் எழுதுவார்கள். ஒருதடவை சீமெந்தில் எழுதிவிட்டால் பிறகு யார் அழிக்கப்போகிறார்கள்? உம்மா தொலைந்த இடத்திலேயே இன்னொரு தடவை தொலைந்து போவாள். அன்றைக்கும் அசருக்குப் பிறகு வாளி விழுந்தது. கப்பி கிறீச்சிட்டது. ஸல்மா முதல் தடவையாகக் கதவைச் சாத்தாமல் வாசலில் நின்று, இருமல் அடங்கும்வரை கேட்டாள்.

வெள்ளி விடியச் சீமெந்து கரைத்து, ஹவுளின் வெடிப்பெல்லாவற்றையும் தானே பூசினாள். கிணற்றுக்குத் தன் வீட்டு வாளியையும் கயிற்றையும் கொண்டுபோனாள். பள்ளிக்குள் பொம்பிளை நிற்கிறாள் என்று தெருவில் முணுமுணுத்தார்கள். கண்டுகொள்ளவில்லை. பூச்சு இறுகியதும் இறைக்கத் தொடங்கினாள். முதல் பஸ்ஸில் அருளப்புவும் எடித்தும் வந்து இறங்கினார்கள். அருளப்புவின் மடியில் ஒரு முருகைக்கல், பள்ளிமுனைக் கரையில் பொறுக்கியது, கைக்கு அடக்கமாய் உளியால் செதுக்கியது. ஸல்மா காட்டிய இடத்தில், இரண்டு கல்லுக்கும் நடுவில், அவரே மண்ணைத் தோண்டி அதை நட்டார். பிறகு தொழுகை நேரம் என்று தாங்களாகவே படலைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்கள்.

ஜும்ஆ முடிந்து ஆண்கள் தகரப் பள்ளியிலிருந்து வந்தார்கள். வழக்கம்போல் ஓதக் கையேந்திய முன்வரிசை அப்படியே நின்றுவிட்டது. கபுறில் கல் மூன்று. கபுறு குட்டி போட்டிருக்கு என்று யாரோ பின்னால் முணுமுணுத்தான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கொண்டல்குடாவுக்குப் புதுக் கறாமத்து அற்புதம் ஒன்று கிடைத்திருக்கும். அதற்குள் எஞ்சினியரோடு நெவின் வந்துவிட்டாள். மூன்று கல்லையும் பார்த்தாள், ஸல்மாவைப் பார்த்தாள். யார் இது என்று அரபில் கேட்டாள்.

"மழைக்கு வெளிய தெரிஞ்ச கல்லு எண்டு சொல்லு," என்றார் ஹாஜியார் மெதுவாக, தமிழில்.

ஸல்மா வாளியைக் கீழே வைத்தாள். குவைத்தில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரோடு அரபில் மாரடித்தவள். இதற்கு இரண்டே சொல்தான் வேண்டியிருந்தது.

"ஹாதி உம்மீ."

இது என்னுடைய உம்மா. அரபிலும் அது உம்மாதான். நெவினுக்கும் விளங்கியது, ஹாஜியாருக்கும் விளங்கியது, வெயிலில் நின்ற அத்தனை ஆண்களுக்கும் விளங்கியது. சித்தி மரியத்தைத் தெரிந்த வயதானவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மிச்சத்தை ஸல்மா தமிழிலேயே சொன்னாள், உரக்கச் சொன்னாள். தொப்பி யாருடையது, முடி யாருடையது, யார் கழுவினது, யார் குழி வெட்டினது, யாருக்காக அந்த மனுசி வெடித்த தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் என்பது வரை.

வெள்ளிக்கு வெள்ளி யாரோ துருக்கிக்காரனுக்கென்று அவர்கள் ஓதிய பாத்திஹா அத்தனையும் மரியத்துக்கு எட்டியிருக்குமா என்று பிற்பாடு ஊரில் ஒரு விவாதம் நடந்தது. மௌலவி கிதாபைப் புரட்டினார். அல்லாஹ்வுக்கு விலாசம் தெரியாதா என்று ஸல்மா கேட்டாள். விவாதம் அதோடு முடிந்தது.

அந்த இடத்திலேயே ஸல்மா நெவினுக்கும் எல்லாவற்றையும் அரபில் சுருக்கிச் சொல்ல, அவள் கபுறின் பக்கத்தில் கையேந்தி ஓதினாள். பிறகு, கழுவி அடக்கிய இந்தக் கரைச் சனம் எங்கே என்று கேட்டாள். ஸல்மா படலைப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே அருளப்பு சால்வையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பிழை செய்தவரைப்போல நின்றார். கூரையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஹாஜியார் படலைக்குப் போய், உள்ளுக்கு வாங்கோ, இரண்டு பேரும் வாங்கோ என்று எடித்தையும் சேர்த்துக் கூட்டிவந்தார். பிறகு ஹாஜியார் நேரே ஹவுளடிக்குப் போனார். தொழுது முடிந்தவருக்கு வுழு எதற்கு? ஆனாலும் சட்டைக் கையை முழங்கைவரை மடித்தார். குந்தியிருந்து, நிறைந்து நின்ற தண்ணீருக்குள் இரண்டு கையையும் விட்டார். முகத்தைக் கழுவினார். கையைக் கழுவினார், தலையைத் தடவினார், காலைக் கழுவினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்து குந்தினார். பிறகு வரிசையாக எல்லோரும் வந்தார்கள். தண்ணீர் குறையக் குறைய ஸல்மா இறைத்து ஊற்றிக்கொண்டே நின்றாள்.

அன்றைக்கு அசருக்குப் பிறகு அவள் வாசலில் போய் உட்கார்ந்தாள். வெயில் சரிந்தது. பள்ளிப் பக்கம் காதைக் கொடுத்துக் காத்திருந்தாள். வாளி விழவில்லை. கப்பி கிறீச்சிடவில்லை. இருமலும் கேட்கவில்லை. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை அப்படியே இருந்தாள். ஓதாமல் இத்தனை வருடமும் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது.